சங்கத்து மீட்டர்

முள் ஒன்றின்மேல் படுத்திருந்தது.

எவரிஸ்டோ கசோண்டே மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அப்போதும் ஒன்றின்மேல்தான் படுத்திருந்தது.

ஐம்பத்திரண்டு வயதுவரை அவருக்கு எதிலும் முழு மதிப்பெண் கிடைத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கிடைக்கவில்லை. கிட்வே நகரத்துச் செம்பு உருக்காலையில் எலெக்ட்ரீஷியனாகச் சேர்ந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது, அங்கேயும் கிடைக்கவில்லை. வீட்டில் மனைவி பிரிஸ்கா மதிப்பெண் போடுவதையே எப்போதோ நிறுத்திவிட்டாள். இன்று, செவ்வாய்க்கிழமை மத்தியானம், படுக்கையறை மூலையில் ஒரு பழைய ஏரியல் மீட்டர் அவருக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறது. காலை ஷிப்ட் முடித்து வந்த அலுப்பில் அவருக்குக் கொஞ்சம் அழுகைகூட வந்தது.

அந்த மீட்டர் கிட்வே ஹாம் ரேடியோ சங்கத்தின், அதாவது பொழுதுபோக்காக வீட்டிலிருந்தே ரேடியோவில் பேசிக்கொள்கிறவர்களின், பொதுச்சொத்து. செங்கல் அளவில் ஓர் இரும்புப் பெட்டி, அதன் முகத்தில் ஒரு கண்ணாடி, கண்ணாடிக்குள் ஒரு முள். ரேடியோவுக்கும் ஏரியலுக்கும் நடுவில் அதை மாட்டிவிட்டுப் பேசினால், நாம் அனுப்புவதில் எவ்வளவு ஊர் உலகத்துக்குப் போகிறது, எவ்வளவு ஏரியலில் முட்டிக்கொண்டு திரும்பி வருகிறது என்று முள் சொல்லிவிடும். இடது கோடியில் ‘ஒன்று’ என்ற கோட்டிலேயே முள் கிடந்தால் ஏரியல் பிரமாதம். எழுந்து இரண்டு, மூன்று என்று வலப்பக்கம் போகப் போக ஆபத்து. வலது கோடியைத் தொட்டால் சீக்கிரமே ரேடியோ புகைய ஆரம்பிக்கும்.

சங்கத்தில் ஒன்பது பேர். எல்லாரும் எதையாவது சொந்தமாகச் செய்கிறவர்கள், செய்ததை நாலு பேருக்குக் காட்டாவிட்டால் சோறு இறங்காதவர்கள். மீட்டர் ஒன்றே ஒன்று என்பதால் ஆளுக்கு ஒரு மாதம் என்று முறை வைத்திருந்தார்கள். மீட்டரோடு நீல அட்டை போட்ட ஒரு நோட்டும் வரும். யார் ஏரியலுக்கு முள் என்ன காட்டியது என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். முறை வந்ததும் கசோண்டே அந்த நோட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். ஆரம்பப் பக்கங்களில் இரண்டரை, மூன்று, ஓரிடத்தில் ஐந்துகூட இருந்தது. பிறகு சங்கத்தார் கைதேர்ந்துவிட்டார்கள் போலிருக்கிறது. பக்கம் பக்கமாக ஒன்று புள்ளி ஒன்று, ஒன்று புள்ளி ஒன்று. வெறும் ஒன்று என்று எழுதினால் தற்பெருமையாகிவிடும் என்று எல்லாரும் ஒரு புள்ளியைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

இத்தனை நல்ல ஏரியல்கள் இருந்தும் சங்கத்தாரின் குரல் பக்கத்து ஊர் என்டோலாவைத் தாண்டிக் கேட்டதாகத் தகவல் இல்லை. அதற்கு அவர்கள் சூரியனைக் குறை சொல்வார்கள். சூரியன் சில வருஷங்களாகச் சரியில்லையாம்.

கசோண்டே சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. மீட்டர் அவர் கைக்கு வருவது இதுவே முதல் தடவை. வீட்டில் பிள்ளைகள், மச்சினி, மச்சினியின் பிள்ளைகள் என்று எட்டுப் பேர் அவரிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததைக் கேட்பார்கள். ஆலையில் போர்மேன் கேட்பான். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மட்டும், அலைவரிசையில், “லோம்பேயப்பா, உங்க ஏரியல் எப்படி இருக்கு?” என்று ஒருவர் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். மூத்த பிள்ளை பெயரைச் சொல்லி மரியாதையாகக் கூப்பிட்டு, கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருக்கும் மனிதர்களை அவர் வேறெங்கும் பார்த்ததில்லை. வாரத்தின் மற்ற ஆறு நாட்களையும் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் இழுத்துக்கொண்டு போனார்.

இப்போது முள் ஒன்றின்மேல். யாரிடமாவது சொல்லியாகவேண்டும். கொல்லைப்பக்கம் போனார்.

“பிரிஸ்கா! ஒன்னு! சுத்தமா ஒன்னு!”

“என்ன ஒன்னு?” என்றாள் பிரிஸ்கா, துவைத்த போர்வையைப் பிழிந்தபடி.

“என் ஏரியல்! முள்ளு அசையவே இல்ல!”

“எது, இந்தக் கம்பியா?”

மாமரத்துக்கும் கூரைக்கும் நடுவே உயரத்தில் கட்டியிருந்த ஏரியல் கம்பி இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. அதன்மேல் நாலு போர்வைகள் சொட்டிக்கொண்டிருந்தன. மீதிக் கம்பி தரையில் சுருண்டு, அதன் நுனி கோழிகளின் தண்ணீர்த் தட்டில் கிடந்தது. ஒரு கோழி அதைக் கொத்திப் பார்த்தது.

“எப்போ எறக்கின?”

“காலையிலயே. எட்டுப் பேரு போர்வைய எங்க காயப் போடறதாம்? உங்க தலையிலயா?”

கசோண்டே உள்ளே ஓடினார். ரேடியோவின் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு “சோதனை, சோதனை” என்றார். ஈரப் போர்வையும் கோழித் தண்ணீருமாகக் கிடக்கும் ஏரியலுக்கு முள் வலது கோடியில் போய் இடித்துக்கொள்ள வேண்டும். அது ஒன்றின்மேல் நிம்மதியாகப் படுத்திருந்தது. கம்பியையே கழற்றிவிட்டு அழுத்தினார். அப்போதும் ஒன்று.

அப்போதுதான் அந்த ‘டப்’ நினைவுக்கு வந்தது. காலையிலிருந்து போயிருந்த கரண்ட் மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தபோது மேஜைமேல் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது, லேசாகப் பொசுங்கின வாடையும் வந்தது. இந்த ஊரில் கரண்ட் வந்தால் எங்காவது ஏதாவது பொசுங்குவது வழக்கம்தானே என்று அவர் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தார். பொசுங்கியது சங்கத்து மீட்டர்.

கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். போன வருஷம் சங்கத்துச் சால்டரிங் அயனைக் கருக்கிய தையல்காரர் ஜோசபாத்தின் கதி அவருக்குத் தெரியும். தலைவர் கெர்ஷோம் சிகாஸ்வே அந்த மனுஷனை எல்லார் முன்னாலும் எழுப்பி நிற்க வைத்து, பொதுச்சொத்து என்றால் என்ன என்று முக்கால் மணி நேரம் பேசி, பேரேட்டில் பெயரைச் சிவப்பு மையால் அடித்தார். ஜோசபாத் இப்போது முயல் வளர்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் முயல்களோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்து, கை கால் கழுவாமல் மீட்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பக்கவாட்டில் ஒரு திருகு இருந்தது. அந்தத் திருகைத் தலைவர் தன் கையாலேயே அளவு பார்த்து நிறுத்தி, அதன்மேல் சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு வைத்து முத்திரை போட்டிருந்தார். அந்தப் பொட்டைத் தொடக்கூடாது என்பதுதான் சங்கத்தின் முதல் சட்டம். கசோண்டே ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு, சமையல் கத்தியால் பொட்டைச் சுரண்டினார். திருகைத் திருப்பினார். முள் அசையவில்லை. திருகு மட்டும் கையோடு வந்துவிட்டது.

“செத்த பாம்ப அடிக்கறீங்களா?” என்றாள் பிரிஸ்கா, கதவோரம் நின்று.

“ரிப்பேர் பண்றேன்.”

“உங்க ரிப்பேர் எனக்குத் தெரியாதா? போன மாசம் இஸ்திரிப் பெட்டிய ரிப்பேர் பண்ணீங்க. இப்போ அதைக் கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கேன்.”

வியாழக்கிழமை அவர் மீட்டரைச் சோளமாவுப் பையில் சுற்றிக்கொண்டு சந்தைக்குப் போனார். செல்போன் ரிப்பேர் கடை கெல்வின் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“பாஸ், இதுல சிம் எங்க போடறது?”

“இது போன் இல்லப்பா. மீட்டர்.”

“அப்போ ரேட்டு வேற.” அவன் மூடியை நெம்பித் திறந்து உள்ளே ஊதினான். ஒரு கம்பியை வைத்து இரண்டு மூன்று இடத்தில் தொட்டுப் பார்த்தான். “செத்துப்போச்சு பாஸ். எப்போ நடந்துது?”

“செவ்வாக்கிழமை. ரெண்டு மணிக்கு.”

“அப்படியா? பொணம் நல்லா ஆறிக் கெடக்கே.”

“கிண்டல் பண்ணாத. உயிர் குடுக்க முடியுமா, முடியாதா?”

“இந்தக் காலத்துல இதுக்கு எவன் பாகம் விக்கறான்? மூடித் தரேன், எடுத்துக்கிட்டு போங்க.” மூடும்போது அவன் கை வழுக்கியது. கண்ணாடியில் மூலைக்கு மூலை ஒரு கீறல் விழுந்தது. கசோண்டே வாயைத் திறப்பதற்குள் கெல்வின் பசைக் குப்பியை எடுத்து, “ஒரு நிமிஷம் பாஸ், ஒட்டுனா தெரியாது” என்று கீறல் நெடுக விட்டான். பசை உள்ளே வடிந்து, நிதானமாக முள்ளின் அடியில் போய்ச் சேர்ந்தது.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“இனிமே அது எங்கயும் போவாது,” என்றான் கெல்வின், ஆறுதலாக.

சுரண்டிய பொட்டையாவது சரிசெய்யலாம் என்று வெள்ளிக்கிழமை பிரிஸ்காவின் நகப்பூச்சை எடுத்தார். குப்பியில் சிவப்பு மாதிரிதான் தெரிந்தது. காய்ந்ததும் அசல் ரோஸ் ஆகிவிட்டது. இன்னொரு பூச்சு பூசினார். இன்னும் நல்ல ரோஸ் ஆனது. திருகு இல்லாத குழியில் ரோஸ் நிறம் வழிந்து பளபளத்தது. கொஞ்சம் ஜிகினாவும் இருந்தது என்பது வெயிலில் பார்த்தபோதுதான் தெரிந்தது.

“என் கடைசித் தங்கச்சி கல்யாணத்துக்குன்னு வச்சிருந்தேன்,” என்றாள் பிரிஸ்கா. “போயும் போயும் ஒரு டப்பாவுக்குப் பூசியிருக்கீங்க. இருபத்தாறு வருஷத்துல எனக்கு ஒரு தடவை பூசி விட்டதுண்டா?”

அவர் குப்பியை மூடி அவளிடம் நீட்டினார். பேசாமல் உண்மையைச் சொல்லிவிடுவது என்று அன்று சாயங்காலம் முடிவு செய்தார். முகத்துக்கு நேராகச் சொல்வதைவிட ரேடியோவில் சொல்வது சுலபம். ஞாயிறு காலை அவர் முறை வந்ததும் சொல்லிவிட்டு, ரேடியோவை அணைத்துவிட்டுக் கோவிலுக்குப் போய்விடலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு அலைவரிசை வழக்கம்போல் கரகரத்தது. ஒவ்வொருவராக வந்து, என்ன ரேடியோ, என்ன ஏரியல், இந்த வாரம் புதிதாக என்ன செய்தோம் என்று சொன்னார்கள். பஸ் மெக்கானிக் கிரிஸ்பின் மலாமா சமையல் எண்ணெய் டின்னுக்குள் ஒரு டிரான்ஸ்மிட்டர் செய்திருந்தார். மூடியைத் திறந்தால்தான் வேலை செய்கிறதாம், மூடினால் பாடுகிறதாம். எல்லாரும் பாராட்டினார்கள்.

“அடுத்து லோம்பேயப்பா,” என்றது தலைவரின் குரல். சிகாஸ்வே விமான நிலையத்தில் ரேடியோ அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் விமானத்தை இறக்குகிற குரலில்தான் பேசுவார். “மீட்டர் உங்க கிட்டதானே இருக்கு? பத்திரமா இருக்கா? முள்ளு என்ன சொல்லுது? ஓவர்.”

கசோண்டே பொத்தானை அழுத்தினார். “தலைவரே, மீட்டர் விஷயமா ஒன்னு...” என்று ஆரம்பித்தார். அந்த இடத்தில் பிரிஸ்காவின் தங்கை மகன் வந்து அவர் முழங்காலில் முட்டினான். பொத்தானிலிருந்து கை எடுபட்டுவிட்டது.

“ஒன்னா!” என்றார் தலைவர். “வெறும் ஒன்னா? புள்ளி இல்லாமலா? ஓவர்.”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் பொத்தானை அழுத்தி வாயையும் திறந்தார். ஆனால் அலைவரிசையில் எட்டுப் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் பதிலுக்குக் காத்திருப்பது அவருக்குத் தெரிந்தது. அப்படி ஒரு காத்திருப்பை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

“ஆமா தலைவரே. ஓவர்,” என்றார்.

“ஏரியல் எதுல செஞ்சீங்க? ஓவர்.”

“துணி காயப் போடற கம்பியில. ஓவர்.”

ஆளுக்கு ஆள் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தியதில் அலைவரிசை ஊளையிட்டது. அது அடங்கியதும் தலைவர் சொன்னார்: “சங்கத்து வரலாத்துலயே புள்ளியில்லாத ஒன்னு இதுதான். லோம்பேயப்பா, வர்ற சனிக்கிழமை என் வீட்டுல கூட்டம். கம்பிய எடுத்துக்கிட்டு வாங்க. எல்லார் முன்னாலயும் கட்டி, அதே மீட்டர மாட்டிக் காட்டறீங்க. லுவான்ஷியாவுலேர்ந்து ஒரு டீச்சரம்மா வேற வராங்க. அவங்களும் பாக்கட்டும். ஓவர்.”

அன்று கோவிலில் பாதிரியார் பொய்சாட்சி பற்றிப் பேசினார். கசோண்டே அசதியில் தூங்கிவிட்டார்.

வாரம் முழுக்க யோசித்ததில் அவருக்கு ஒரு விஷயம் புலப்பட்டது. செத்த மீட்டர் எதை மாட்டினாலும் ஒன்றுதான் காட்டும். பசை வேறு முள்ளைப் பிடித்து வைத்திருக்கிறது. காட்டிவிட்டு, நோட்டில் எழுதிவிட்டு, பெட்டியை அடுத்த முறைக்காரரிடம் கொடுத்துவிட்டால், அப்புறம் அது அந்த ஆள் கையில் செத்ததாக ஆகிவிடும். அடுத்த முறைக்காரர் ஐந்து பேரப்பிள்ளைகள் உள்ள நல்ல மனிதர். கசோண்டேவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

சனிக்கிழமை தலைவர் வீட்டு முற்றத்தில், வெண்ணெய்ப்பழ மரத்தடியில், நீள மேஜை போட்டிருந்தார்கள். அதன்மேல் கிரிஸ்பினின் எண்ணெய் டின், ரம்பத் துண்டில் செய்த தந்திச் சாவி, சுரைக்குடுக்கைக்குள் வைத்த ஸ்பீக்கர், இன்னும் என்னென்னவோ. ஒவ்வொருவரும் அடுத்தவர் செய்ததைத் தட்டிப் பார்த்து, “அருமை, அருமை, நான்னா இங்க ஒரு ஓட்டை போட்டிருப்பேன்” என்றார்கள். தலைவரின் மனைவி நச்செலாம்மா டீயும் வேகவைத்த நிலக்கடலையும் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தாள். அவள் இருப்பதை யாரும் கவனிக்கவில்லை, கடலை தீர்ந்தால் மட்டும் கவனித்தார்கள்.

லுவான்ஷியா டீச்சர் பெயர் லுஷோமோ. முப்பது வயதிருக்கும். அங்கே பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறாள். ரேடியோ உரிமத்துக்கு விண்ணப்பிக்கச் சங்கத் தலைவரின் கையெழுத்து வேண்டுமென்று கடிதத்தை டைப் அடித்தே எடுத்து வந்திருந்தாள். கையில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

கம்பியை மரத்துக்கும் கொய்யாவுக்கும் நடுவில் கட்டினார்கள். தலைவர் தானே மீட்டரை மாட்டினார். ரோஸ் பொட்டைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

“வெயில்ல வெளுத்திருக்கு,” என்றார் கசோண்டே.

“மினுங்குதே?”

“வெயில்தான் தலைவரே.”

தலைவர் பொத்தானை அழுத்தி, “சோதனை” என்றார். ஒன்பது தலைகள் கண்ணாடிமேல் கவிழ்ந்தன. முள் ஒன்றின்மேல் கிடந்தது. கைதட்டினார்கள். கிரிஸ்பின் கசோண்டேயைக் கட்டிப்பிடித்து முதுகில் அறைந்தார். தலைவர் பேனாவைத் திறந்து நோட்டில் தானே எழுதினார். கசோண்டேவுக்குத் தன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“சார்,” என்றாள் லுஷோமோ. “நானும் ஒரு மீட்டர் செஞ்சிருக்கேன். இதுக்குப் பக்கத்துல மாட்டிப் பாக்கலாமா? ரெண்டும் ஒன்னாக் காட்டுதான்னு...”

பிஸ்கட் டின்னைத் திறந்தாள். உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொடாமல் நறுவிசாக ஓடின. பழைய டேப்ரெக்கார்டரிலிருந்து எடுத்த குட்டி முள். அளவுக் கோடுகளைப் பென்சிலால் போட்டிருந்தாள். கசோண்டே எட்டிப் பார்த்தார். நல்ல வேலை என்று அவருக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

மாட்டினார்கள். தலைவர் அழுத்தினார். பென்சில் கோடுகளின்மேல் அந்த முள் விறுவிறுவென்று ஓடி, நாலைத் தாண்டி, வலது கோடியில் போய் நின்றது.

எல்லாரும் இரண்டு முள்ளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு கிரிஸ்பின் சொன்னார்: “பிஸ்கட் டின்னுல பிஸ்கட்டத்தான் வைக்கணும்.”

சிரித்தார்கள். லுஷோமோ சிரிக்கவில்லை. “ஆறு மாசம் செஞ்சேன் சார். ஸ்கூல் லேப்ல மூணு தடவை சரிபாத்தேன். ஏரியல்லதான் ஏதோ...”

“ஏரியலா?” தலைவரின் குரல் விமானத்தை இறக்கியது. “ஏரியலுக்கு ஒன்னுன்னு எங்க மீட்டர் இப்பத்தான் சொல்லுச்சு. நீங்களே பாத்தீங்க. இங்கிலாந்துக்குப் பயிற்சிக்குப் போனப்போ நான் கையோட வாங்கிட்டு வந்த மீட்டர் அது. அளவு தப்பா காட்டற மீட்டர நம்பி ரேடியோ ஓட்டினா ரேடியோ எரியும், வீடு எரியும். உங்களுக்கு நான் எப்படிம்மா கையெழுத்துப் போட?”

பேனா மூடியை மாட்டினார். டக் என்று ஒரு சத்தம்.

லுஷோமோ தலையைக் குனிந்துகொண்டு டின்னிலிருந்து கம்பிகளைக் கழற்றத் தொடங்கினாள். ஒரு கம்பி பிடிவாதமாக வரவில்லை. அவள் விரலால் அதை நெம்பிக்கொண்டே இருந்தாள். கசோண்டே அந்த விரலைப் பார்க்காமல் இருக்க முயன்றார். கொய்யா மரத்தைப் பார்த்தார். நிலக்கடலையைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணியை நினைத்தார். தையல்காரர் ஜோசபாத்தை நினைத்தார். முயல் என்ன விலை இருக்கும் என்றுகூட ஒரு கணம் நினைத்தார். பிறகு, மிகவும் களைத்துப்போய், எழுந்து நின்றார்.

“டீச்சரம்மா, கழட்டாதீங்க. உங்க மீட்டர் சரி.”

“உக்காருங்க லோம்பேயப்பா,” என்றார் தலைவர்.

“இல்ல தலைவரே. ஏரியல்தான் குப்பை. துணிக்கொடி அது, வேற எப்படி இருக்கும்? சங்கத்து மீட்டர் செத்துப்போச்சு. நான்தான் கொன்னேன். போன வாரம் செவ்வாக்கிழமை, ரெண்டு மணிக்கு, கரண்ட் வந்தப்போ டப்புன்னு போச்சு. அப்புறம் பொட்டைச் சுரண்டினேன். திருகு கழண்டுது. கண்ணாடி உடைஞ்சுது. முள்ளு பசையில ஒட்டிக்கிச்சு. அந்த ரோஸ் என் சம்சாரத்தோட நகப்பூச்சு. ரேடியோவுல ஒன்னுன்னு பொய் சொன்னேன். இப்போ டீச்சரம்மா தலை குனிஞ்சு உக்காந்திருக்கறதும் என்னாலதான். அவங்களுக்குக் கையெழுத்துப் போட்டுருங்க.”

 லுஷோமோ நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி இருந்ததா, பரிதாபம் இருந்ததா என்று அவருக்கு விளங்கவில்லை.

தலைவர் மெல்ல எழுந்தார். மீட்டரை இரு கையாலும் தூக்கி, கண்ணாடிக்குள் பார்த்தார். குலுக்கினார். உள்ளே ஏதோ கலகலத்தது.

“போன வாரம் திங்கக்கிழமை வரைக்கும்,” என்றார், “இந்த முள்ளு ஒரு பொய் சொன்னதில்ல. இதோ இந்த நோட்டப் பாருங்க. பக்கம் பக்கமா சத்தியம். கிரிஸ்பின் எழுதியிருக்காரு, நான் எழுதியிருக்கேன், எல்லாரும் எழுதியிருக்கோம். ஒன்று புள்ளி ஒன்று, ஒன்று புள்ளி ஒன்று. இத்தன கண்ணியமான ஆளுங்க காப்பாத்திக் குடுத்ததை நீங்க வாங்கின மாசத்துலயே கொன்னுட்டீங்க. பேரேட்டை எடுங்கப்பா. சிவப்பு மை எங்க?”

சட்டையில் குத்தியிருந்த சங்கத்து உறுப்பினர் பட்டையைக் கசோண்டே கழற்றினார். ஊசி விரலில் குத்தியது. பட்டையை மேஜைமேல், எண்ணெய் டின்னுக்கும் சுரைக்குடுக்கைக்கும் நடுவில் வைத்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. கம்பியை அவிழ்த்துக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா என்று தெரியாமல் நின்றார். போர்வை காயப் போட வீட்டில் வேறு கம்பி இல்லை.

நச்செலாம்மா டீத் தட்டை மேஜையில் இறக்கினாள். பட்டையை எடுத்து, இடுப்புத் துணி நுனியில் துடைத்து, கசோண்டேயின் கையில் வைத்தாள்.

“உக்காந்து டீயக் குடிங்க லோம்பேயப்பா,” என்றாள். “அது செவ்வாக்கிழமை சாகல. பதினோரு வருஷம் முன்னாடி நான் தூசி தொடைக்கறப்போ சோப்புத் தண்ணி வாளியில விழுந்து அன்னைக்கே செத்துது. பயந்துக்கிட்டே தொடச்சு வச்சேன், மறுநாள் இவர் மாட்டிப் பாத்துட்டு ‘ஒன்று புள்ளி ஒன்று!’ன்னு கத்திக்கிட்டு ஓடியாந்தாரு. அவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷன்கிட்ட எப்படிச் சொல்றது?”